திரையில் செம்மை



செம்மை என்னும் சொல் தமிழில் சிவப்பையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். கணினித் திரையில் இவ்விரண்டும் எளிதில் பிரிந்துவிடுகின்றன. ஓவியர் தம் திரையில் குங்குமச் சிவப்பாகக் கண்டு அனுப்பிய நூலட்டை, அச்சகத்துத் திரையில் செங்கல் நிறமாகத் தோன்றுகிறது. இருவரும் தத்தம் கண்ணையே சான்றாகக் காட்டுவர். இருவர் கண்ணிலும் பழுதில்லை. கோப்பினுள் இருப்பவை வெறும் எண்கள். சிவப்பு 200, பச்சை 30, நீலம் 40 என்னும் அதே எண்களை ஒவ்வொரு திரையும் தன் ஒளியமைப்புக்கேற்ப வேறாகப் படிக்கிறது.

கண்ணை நம்பித் திரையைத் திருத்தவும் இயலாது. மஞ்சள் விளக்கின்கீழ் வைத்த தாளையும் சற்று நேரத்தில் வெண்மை என்றே ஏற்பது கண்ணின் இயல்பு. ஆகவேதான் நிறமானி என்னும் சிறு கருவி தேவைப்படுகிறது. திரையை அரைமணி நேரம் ஒளிரவிட்டு, அதன்மேல் கருவியைப் பொருத்தினால், மென்பொருள் அடுத்தடுத்துக் காட்டும் நிறக்கட்டங்களை அது அளக்கிறது.

இங்கு நிகழும் செயல்கள் இரண்டு. பலரும் ஒன்றெனவே கொள்கின்றனர். வெண்மையை 6500 கெல்வினிலும், ஒளிர்வைச் சதுர மீட்டருக்கு 120 கேண்டெலா போன்றதோர் அளவிலும், காமாவை 2.2 என்றும் நிறுத்துவது அளவுத்திருத்தம். அவ்வாறு நிறுத்திய திரை ஒவ்வொரு நிறத்தையும் உண்மையில் எப்படிக் காட்டுகிறது என்று அளந்து எழுதி வைப்பது புரொபைல். 1993இல் எட்டு நிறுவனங்கள் கூடி அமைத்த பன்னாட்டு நிறக் கூட்டமைப்பு இக்கோப்புக்குப் பொது வடிவம் தந்தது. அதற்கு அடிப்படையான நிற அளவீட்டு முறையோ 1931ஆம் ஆண்டினது.

தன் சிவப்பு எதுவரை செல்லும், எங்கே தவறும் என்று திரை எழுதித்தரும் வாக்குமூலம் எனலாம் புரொபைலை. அதைப் படித்தே மென்பொருள் எண்களை மாற்றி அனுப்புகிறது. திரையால் இயலாத நிறத்தை எந்தப் புரொபைலும் வரவழைக்காது.

திருத்திய திரை முதலில் மங்கலாகவும் சற்று மஞ்சளாகவும் தோன்றும். கடைகளின் நீலம் பாய்ந்த பளபளப்புக்குப் பழகியவர் மனம் ஒப்பாது. ஓரிரு நாளில் பழைய நிலைக்கே திருப்பிவிடுவர். பெரும்பாலும் முயற்சி கெடுவது இங்கேதான்; கருவியின்மேல் பழி சுமத்துவது முறையன்று. ஓவியர் திரை, அச்சகத்துத் திரை இரண்டையும் தனித்தனியே அளக்க வேண்டும். ஒன்றின் புரொபைல் மற்றதற்கு உதவாது. திரையின் ஒளி நாளடைவில் தேய்வதால், அட்டை வேலை செய்வோர் மாதம் ஒருமுறையேனும் மீண்டும் அளப்பது நலம்.