மூலிகை இலைகளின் மயிர்களும் அவற்றைக் கொண்டு இனம் அறிதலும்



நானுஓயாவில் தேயிலைக் கொழுந்தை அறியாதவர் எவருமிலர். விரியாத மொட்டின்மேல் வெண்பட்டுப் போன்ற மென்மயிர் படர்ந்திருப்பதை நாடோறும் காண்கிறீர்கள். கவனமாக உலர்த்திய மொட்டு வெள்ளிநிறம் பெற்று நல்ல விலைக்குப் போவது அம்மயிரினாலேயே. இலை முற்ற முற்ற மயிரும் குறைந்துவிடும். ஆகவே மயிரைப் பார்த்துப் பொருளை அறியும் வித்தை உங்களுக்குப் புதிதன்று. மூலிகைகளையும் அவ்வாறே அறியலாம்.

செடி பசுமையாக நிற்கும்போது பூவாலும் இலையின் வடிவாலும் அதனை அறிந்துகொள்கிறோம். உலர்ந்து நொறுங்கியபின் வடிவும் நிறமும் போய்விடுகின்றன. நம் மூடுபனிக்கு அஞ்சி அடுப்பங்கரையில் உலர்த்திய இலைகளோ யாவும் ஒரே கபில நிறமாய்க் கிடக்கும். மயிர் எளிதில் அழிவதில்லை. தூளிலும் அதன் துண்டுகளைக் காணலாம்.

மயிர்கள் இரு பெரும் வகையின. ஒன்று வெறும் போர்வை மயிர். மற்றது நுனியில் சிறு தலையுடைய சுரப்பி மயிர். துளசி, கற்பூரவள்ளி ஆகியவற்றின் மணம் சுரப்பி மயிர்களில் தேங்கிய எண்ணெயிலிருந்து எழுவதாகும். விரலால் தடவியதும் தலை உடைந்து மணக்கிறது. கடுவெயிலில் அவ்வெண்ணெய் ஆவியாகிவிடும். நிழலில் உலர்த்துக என்று முன்னோர் கூறியது வீண்பேச்சன்று. ஆடாதோடை இலையை நுணுக்குக்காட்டியில் நோக்கின், ஒன்று முதல் மூன்று கலங்களாலான போர்வை மயிரும், நான்கு கலத் தலையுடைய சுரப்பி மயிரும் தெரியும். காஞ்சொறியின் மயிரைப்பற்றி நான் கூறவேண்டுவதில்லை. ஒருமுறை தீண்டினவர் மறவார்.

இனம் தவறினால் உயிருக்கே கேடு வரலாம். மேல்நாடுகளில் கொம்ஃப்ரி என்னும் செடியின் இலையைக் காய்ச்சிக் குடிக்க எண்ணிய சிலர், பூக்குமுன் அதனையொத்துத் தோன்றும் டிஜிட்டாலிஸ் இலையைப் பறித்து நஞ்சுண்டு மாண்டனர். டிஜிட்டாலிஸ் இதயத்தைத் தாக்குவது. அதன் மருத்துவப் பயனை 1785ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்ட வில்லியம் விதரிங் என்ற ஆங்கில வைத்தியரே அளவு மீறினால் வரும் ஆபத்தையும் எழுதினார். கொம்ஃப்ரி மயிர் தடித்து முரடாயிருக்கும். டிஜிட்டாலிஸ் மயிரோ பல கலங்கள் ஒரே வரிசையில் அடுக்கிய மென்மயிர். இடையிடையே சில கலங்கள் சுருங்கிக் கிடக்கும். கைவிரலே ஐயத்தை எழுப்பியிருக்கக் கூடும்! கொம்ஃப்ரியும் ஈரலுக்குத் தீங்கு செய்வதாகப் பின்னர் அறியப்பட்டமையால், அதனையும் உள்ளுக்குக் கொள்ளலாகாது.

பத்து மடங்கு பெருப்பித்துக் காட்டும் கைவில்லை ஒன்று உங்களுக்குப் போதும். உலர்ந்த இலைத்துண்டை வெந்நீரில் ஊறவைத்து, மெதுவாக மடித்து, மடிப்பின் விளிம்பை வெளிச்சத்திற்கு எதிரே பிடியுங்கள். மயிர்கள் வேலிபோல் நிமிர்ந்து தோன்றும். நன்கறிந்த செடியின் இலையையும் அவ்வாறே பார்த்து ஒப்பிடுக. தளிரைத் தளிரோடும் முற்றலை முற்றலோடும் ஒப்பிடவேண்டும். இல்லையேல் ஒரே செடியே இரண்டாகத் தோன்றும். மயிர் ஒன்றை மட்டும் கொண்டு முடிவு செய்யலாகாது. ஐயமிருப்பின் அவ்விலையை ஒருவருக்கும் கொடாதீர்கள்.

பறிக்கும்போதே பூவோடு கூடிய சிறு கிளை ஒன்றைச் செய்தித்தாளில் வைத்து அழுத்தி, இடமும் தேதியும் எழுதி, அம்மூட்டையோடு வைத்திருங்கள். பேராதனைத் தாவரப் பூங்காவிலுள்ள தேசிய உலர்தாவரச் சாலையின் மாதிரிகளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிவரின், நொறுங்கிய இலையைவிட அக்கிளையே உதவும்.