டைனமோவில் கேட்ட பாட்டு



1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பற்றரிக்கும் தடை. ஆனாலும் சைமன், கார்பங்கல் இருவரையும் தெரியாதவர் எங்கள் வகுப்பில் இல்லை. ஒருத்தியின் மாமா கொழும்பிலிருந்து கொண்டுவந்த கசற். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றினால் டைனமோவில் றெக்கோடர் பாடும். கை சோர்ந்தால் கார்பங்கலின் மெல்லிய குரல் கிழவனின் குரலாகிவிடும். "சுத்தடி!" என்று கத்துவோம்.

1969இல் வந்த 'த பொக்ஸர்'தான் எங்கள் பாட்டு. அதன் பல்லவியில் பொருளுள்ள சொல்லே கிடையாது. ஆங்கிலம் தட்டுத்தடுமாறிய நாங்களும் அந்த இடத்தில் கூசாமல் பாடினோம். வீட்டைவிட்டு நியூயோர்க் வந்த ஏழைப் பையனின் கதை அது என்பது மருத்துவபீடத்தில் படிக்கும்போதுதான் எனக்கு விளங்கியது.

இப்போது கைபேசியில் சரியான வேகத்தில் கேட்கிறேன். கொஞ்சம் அவசரப்படுவதுபோலத்தான் இருக்கிறது.

1995 ஒக்டோபர் 30 இரவு எல்லோரும் தென்மராட்சிப் பக்கம் நடந்தோம். கசற் யாருடைய பையில் போனதோ தெரியாது. அதிகம் சுற்றியவளையும் அதன்பிறகு நான் காணவில்லை. இந்த உரை மலரில் வருமாம். எங்கிருந்தாலும் சங்கத்துக்கு ஒரு வரி எழுதடி. கசற் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.