தயவு வேறு, உரிமை வேறு

(சாந்த்ராகாச்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தெற்குக் கல்கத்தாவில் லான்ஸ்டவுன் ரோடு என்று ஒன்று இருந்தது. இன்று அது சரத் போஸ் ரோடு. யார் இந்த லான்ஸ்டவுன்? 1888 முதல் 1894 வரை நம்மை ஆண்ட வைசிராய் என்பார்கள். அது பாதிக் கதைதான். மீதிக் கதை, பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்த நமக்குத் தெரிய வேண்டியது.

அவர் அயர்லாந்தில் பெரிய நிலச்சுவான்தார். 1866இல், 21 வயதில், பிரபு பட்டமும் பண்ணையும் கைக்கு வந்தன. அயர்லாந்தில் மட்டும் 1 லட்சம் ஏக்கருக்கு மேல்!

அந்தப் பண்ணைக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. 1840களின் பஞ்சத்தில் நொடித்த கென்மேர் பகுதிக் குடியானவர்கள் ஏழைகள் விடுதியில் கிடந்தார்கள். இங்கே வைத்துச் சோறு போடுவதைவிடக் கப்பலேற்றி விடுவது மலிவு என்றார் பண்ணை ஏஜெண்டு ட்ரெஞ்ச். லான்ஸ்டவுனின் பாட்டனார் சம்மதித்தார். 1851 முதல் ஆயிரக்கணக்கானோர் அமெரிக்கா போனார்கள். பலர் நியூயார்க் சேரிகளில் குடியேறினார்கள். தோட்டத்துக்கு ஆள் பிடித்த கங்காணி கதை கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதா?

பேரன் அரசியலுக்கு வந்தார். 1880இல் இந்திய இலாகாவின் துணை மந்திரி. வெளியேற்றப்படும் குடியானவருக்கு நஷ்டஈடு தர அவருடைய சர்க்காரே மசோதா கொண்டுவந்தபோது, பதவியை உதறினார்.

பிறகு விளைபொருள் விலை சரிந்தது. குடியானவர்கள் குத்தகையைக் குறைக்கக் கேட்டார்கள். கெர்ரி பண்ணையில் குறைத்தார். லக்கக்கரன் பண்ணையில் அதே அளவு குறைக்க மறுத்தார். லக்கக்கரன்காரர்கள் என்ன செய்தார்கள்? நியாயமான குத்தகை இவ்வளவு என்று முடிவு கட்டி, அந்தப் பணத்தைப் பொது நிதியில் போட்டார்கள். 1887இல் அவர்கள் வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். பிரபு அப்போது கனடாவில் கவர்னர் ஜெனரல். வில்லியம் ஓ'பிரையன் என்ற தலைவர், வெளியேற்றப்பட்ட குத்தகைதாரர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு, கனடாவுக்கே போய் நியாயம் கேட்டார். டொராண்டோவில் கல்லடிதான் கிடைத்தது.

மறு வருஷம் பிரபு கல்கத்தா வந்து சேர்ந்தார். அவர் ஆட்சியில்தான் 1891இன் ஃபாக்டரி சட்டம் வந்தது. பெண்களுக்கு நாளுக்கு 11 மணி நேரம், குழந்தைகளுக்கு 7 மணி நேரம், வாரம் ஒரு விடுமுறை. குழந்தை என்றால் 9 வயதிலிருந்து! வயது வந்த ஆணுக்கு நேர வரம்பே கிடையாது. இங்குள்ள மில்களின் போட்டிக்கு அஞ்சிய லங்காஷையர் முதலாளிகளின் நெருக்குதலும் அந்தச் சட்டத்தின் பின்னால் இருந்தது.

இவர் அரக்கர் என்று நாம் சொல்லவில்லை. முதல் உலக யுத்தத்தில் ஒரு மகனைப் பறிகொடுத்தவர். 1917இல், பேசித் தீர்த்துச் சமாதானம் காணுங்கள் என்று பகிரங்கமாக எழுதி, சொந்தக் கட்சிக்காரர்களிடமே வசவு வாங்கினார். ஆனால் நல்ல மனம் இருந்தும் லக்கக்கரனில் கதவு சாத்தப்பட்டதே! கெர்ரியில் கிடைத்தது தயவு. தயவை ஒரு ஊருக்குக் கொடுக்கலாம், அடுத்த ஊருக்கு மறுக்கலாம். உரிமையை அப்படி மறுக்க முடியாது. பல வருஷப் போராட்டத்துக்குப் பின் 1903இல் வந்த சட்டம், குடியானவர் உழுத நிலத்தையே வாங்க அரசுக் கடன் கொடுத்தது. எந்தப் பிரபுவின் இரக்கமும் அதைக் கொண்டுவரவில்லை.

நமக்கும் இதுதான் பாடம். ரேஷன் கார்டோ, பிள்ளையின் பள்ளிச் சேர்க்கையோ, வேலையில் அடிபட்டவருக்கு நஷ்டஈடோ, தெரிந்த பெரிய மனிதரைப் பிடித்துத் தனியாக வாங்கினால் அது தயவு. சங்கமாக, சட்டத்தைக் காட்டி, மனுவுக்கு ரசீது வாங்கிக் கேட்டால் அது உரிமை. அதற்குப் பொது நிதி வேண்டும். மாதச் சந்தாவைப் பாக்கி வைக்காதீர்கள், தோழர்களே!