முத்துக்கரையில் மனந்தளர்வின் வரலாறு

  பட்டமளிப்பு மேடைகளில் வெற்றியைப் பற்றிப் பேசுவதே வழக்கமாக இருப்பினும், வெற்றி தோல்வி என்ற தீர்ப்பு வருவதற்கு முன்பே பலருடைய முயற்சியை முடித்துவைத்துவிடும் மனந்தளர்வு என்னும் நிலையை இவ்வுரை எடுத்துக்கொள்கிறது. தூத்துக்குடியில் அதைப் பேசுவதற்குத் தனிப்பட்ட காரணம் உண்டு. அந்நிலையின் தன்மையை இந்தக் கடற்கரை அளவுக்குத் தெளிவாகக் காட்டும் ஊர் வேறொன்றைக் காண்பது அரிது.

மனந்தளர்வு என்பது, ஒரு செயலை முடிக்கும் ஆற்றல் கையில் இருக்கும்போதே 'இது நம்மால் ஆகாது' என்ற எண்ணம் உள்ளே புகுந்து, செயல் கைவிடப்படும் நிலையாகும். அச்சம் என்பது எதிரே நிற்கும் ஓர் ஆபத்தைக் கண்டு எழுவது. சோர்வு என்பது உடலைச் சார்ந்தது, ஓய்வெடுத்தால் தீர்ந்துவிடும். விரக்தி என்பது வேண்டும் என்ற விருப்பமே அற்றுப்போவது. மனந்தளர்ந்தவரிடத்தில் விருப்பமும் இருக்கிறது, ஆற்றலும் இருக்கிறது, இரண்டையும் இணைத்துவைத்த நம்பிக்கை மட்டும் இல்லை. ஆகவேதான் வெளியிலிருந்து பார்ப்பவர்கள் அதைச் சோம்பல் என்றும் கோழைத்தனம் என்றும் எளிதாகப் பெயரிட்டுவிடுகிறார்கள்.

வள்ளுவர் 'ஊக்கமுடைமை', 'இடுக்கண் அழியாமை' ஆகிய இரண்டு அதிகாரங்களையும் அறத்துப்பாலில் வைக்கவில்லை. பொருட்பாலில், அரசியல் என்னும் இயலுக்குள் வைத்தார். தனியொருவருடைய குணநலனாக மட்டும் கருதத்தக்கவற்றை அரசு நடத்துவோர்க்குரிய பகுதியில் அவர் சேர்த்திருப்பது, ஊக்கம் என்பது பலர் கூடிக் காக்கவேண்டிய பொதுப்பொருள் என்ற கருத்துக்கு இடம் தருகிறது. இவ்வுரையின் நிலைப்பாடும் அதுவே.

இதற்குச் சான்றாக முத்துக்குளிப்பை எடுத்துக்கொள்ளலாம். மன்னார் வளைகுடாவில் முத்துச்சிப்பிகள் திரளாக வளரும் கடலடித் தளத்துக்குப் பார் என்றும், அரசின் அனுமதியோடு குறித்த பருவத்தில் நடந்துவந்த முத்துக்குளிப்புக்குச் சலாபம் என்றும் பெயர். கரையிலிருந்து பல கல் தொலைவுக்குத் தோணியில் சென்று, கயிற்றில் கட்டிய கல்லின்மேல் ஒரு காலை ஊன்றி, மூக்கைப் பொத்திக்கொண்டு குளிகாரர் கடலுக்குள் இறங்குவார். அடி தட்டியதும் காலை எடுத்துவிட, தோணியில் நிற்பவர் கல்லை மேலே இழுத்துக்கொள்வார். ஏறக்குறைய ஒரு நிமிட நேரத்துக்குள் கைக்கெட்டிய சிப்பிகளை வலைப்பைக்குள் அள்ளிக்கொண்டு, இன்னொரு கயிற்றை அசைத்தவுடன் குளிகாரர் மேலே இழுக்கப்படுவார். அந்த அசைவை உணரவேண்டிய கை சற்றே கவனம் பிசகினால் உயிர் தங்காது. கடலுக்குள் இருப்பவரின் துணிவு அவருடைய மார்புக்குள் மட்டும் இருந்ததன்று. பாதி, தோணியில் நின்றவரின் உள்ளங்கையில் இருந்தது.

சுறாவைப் பற்றிய அச்சத்துக்கும் இக்கரை ஓர் ஏற்பாடு வைத்திருந்தது. சுறாவின் வாயைக் கட்டுவதாகச் சொல்லி மந்திரம் ஓதுபவரைக் கடல்கட்டி என்று அழைத்தனர். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரையைப் பற்றி எழுதிய மார்கோ போலோ, எடுத்த முத்தில் பத்தில் ஒரு பங்கு மன்னனுக்கும் இருபதில் ஒரு பங்கு மந்திரிப்பவர்க்கும் சென்றதாகக் குறிப்பிடுகிறார். அந்த மந்திரம் பகலுக்கு மட்டுமே உரியது என்றும், இரவில் வேறெவரும் களவாகக் குளித்துவிடாதிருக்க அது அவிழ்த்துவிடப்பட்டது என்றும் அவர் எழுதியிருக்கிறார். பிற்காலத்தில் சலாபத்தை நடத்திய ஆங்கிலேய அதிகாரிகள் மந்திரத்தில் நம்பிக்கை இல்லாதவர்கள். ஆயினும் கடல்கட்டி வராத நாளில் குளிகாரர்கள் கடலில் இறங்கமாட்டார்கள் என்பதை அறிந்து, அவரை விலக்காமல் வைத்துக்கொண்டனர். இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் விளைந்த முத்தில் ஒரு பங்கை, தொழிலாளர் மனம் தளராதிருப்பதற்கென்றே ஒதுக்கிவைத்த தொழில் ஒன்று இங்கே நூற்றாண்டுகளாக நடந்தது என்ற உண்மை, இன்றைய நிறுவனங்கள் தம் செலவுக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தக்கது.

ஊக்கத்தைக் காப்பதற்கு ஏற்பாடு இருந்ததுபோலவே, அதை உடைப்பதற்கும் திட்டமிட்ட ஏற்பாடு இருக்கமுடியும் என்பதற்கு இதே துறைமுகம் சான்று. ஒட்டப்பிடாரத்தில் 1872இல் பிறந்த வ. உ. சிதம்பரம் பிள்ளையின் முயற்சியால் 1906 அக்டோபரில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவுசெய்யப்பட்டது. மூலதனம் 10 லட்சம் ரூபாய், பங்கு ஒன்றுக்கு 25 ரூபாயாக 40,000 பங்குகள். தலைவர் பாண்டித்துரைத் தேவர். சொந்தக் கப்பல் இல்லாமல் வாடகைக் கப்பலை நம்பித் தொடங்கிய அக்கம்பெனிக்கு, போட்டியாளரான பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் நெருக்குதலால் அந்த வாடகைக் கப்பலும் கிடைக்காமற்போயிற்று. வ.உ.சி. பம்பாய்க்குச் சென்று முயன்றதன் பயனாக, 1907இல் காலியா, லாவோ என்னும் இரண்டு கப்பல்கள் தூத்துக்குடிக்கு வந்துசேர்ந்தன.

அதன்பின் நிகழ்ந்ததை நிதானமாகப் பார்க்கவேண்டும். கொழும்புக்குச் செல்லும் பயணக் கட்டணத்தை ஆங்கிலேயக் கம்பெனி ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணாவுக்கு இறங்கியது. ஆங்கிலேயக் கம்பெனியோ கட்டணமே வேண்டாம் என்றதோடு, ஏறுபவர்க்கெல்லாம் குடையொன்றும் இனாமாகத் தர முன்வந்தது என்பது நெல்லைச் சீமையில் இன்றும் வழங்கும் செய்தி. அந்தக் குடை பயணியை இழுப்பதற்கு மட்டும் கொடுக்கப்பட்டதன்று என்பது இவ்வுரையின் துணிபு. எட்டணாச் சீட்டு வாங்கிச் சுதேசிக் கப்பலில் ஏறியவர், இனாம் குடையோடு இறங்குபவரைக் கொழும்புத் துறையில் பார்க்கும்போது தம்மையே ஏமாளியாக எண்ணவேண்டும். 25 ரூபாய் கொடுத்துப் பங்கு வாங்கிய சிறு வணிகர் ஒவ்வொரு நாளும் கடையில் அமர்ந்தபடி அதே கேள்வியைக் கேட்டுக்கொள்ளவேண்டும். வலியவர் தம் நட்டத்தைத் தாங்கிக்கொண்டு எளியவர் மனத்தில் ஐயத்தை விதைக்கும் முறை இது. வன்முறை எதுவும் கண்ணுக்குத் தெரியாததால், தளர்ந்தவர் பழியைத் தம்மீதே போட்டுக்கொள்வார். அரசு அதிகாரிகளும் தம் பங்குக்குச் சுதேசிக் கப்பலுக்கு இடையூறு செய்துகொண்டிருந்தனர்.

இத்தனைக்கும் பிறகும் கம்பெனி உடனே சாய்ந்துவிடவில்லை, ஊரின் ஊக்கமும் தளரவில்லை. 1908 பிப்ரவரி இறுதியில் தூத்துக்குடியின் கோரல் மில் நூற்பாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது ஊரே அவர்கள் பக்கம் நின்றது. சில நாட்களில் அவர்கள் வென்றனர். மார்ச் 12ஆம் நாள் வ.உ.சி.யும் அவருடைய தோழர் சுப்பிரமணிய சிவாவும் கைதுசெய்யப்பட்டனர்; மறுநாள் திருநெல்வேலியில் மக்கள் கிளர்ந்தெழுந்ததும், துப்பாக்கிச் சூட்டில் நால்வர் உயிரிழந்ததும் அறியப்பட்டவை. அந்த எழுச்சியை அடுத்து வந்த மாதங்களில்தான் தளர்வு தொடங்கிற்று. ஜூலையில் நீதிபதி பின்ஹே வ.உ.சி.க்கு விதித்த தண்டனை இரண்டு ஆயுள் தண்டனைகளாக நாற்பது ஆண்டுகள். மேல்முறையீட்டில் அது குறைந்தது எனினும், தூத்துக்குடியில் பிடித்து நிறுத்த ஆள் இல்லாத கம்பெனி 1911இல் கலைக்கப்பட்டது. காலியா, எந்தக் கம்பெனியை எதிர்த்து வாங்கப்பட்டதோ அந்தக் கம்பெனிக்கே விற்கப்பட்டது.

சிறையில் செக்கிழுத்த அந்நாட்களில் வ.உ.சி. ஆங்கில எழுத்தாளர் ஜேம்ஸ் ஆலனின் நூலை மொழிபெயர்த்தார் என்பது மாணவர்கள் அறியவேண்டிய செய்தி. 'மனம்போல வாழ்வு' என்னும் அந்நூல் 1909இல் வெளிவந்தது. எண்ணமே வாழ்வை ஆக்குகிறது என்பது ஆலனின் கொள்கை. வ.உ.சி.யின்பால் உள்ள மதிப்பு சற்றும் குறையாமலே, அக்கொள்கை பாதி உண்மையே என்று இங்குச் சொல்லவேண்டியிருக்கிறது. மீதிப் பாதியை வ.உ.சி.யின் வாழ்வே எடுத்துக்காட்டுகிறது. 1912 டிசம்பரில் அவர் விடுதலையானபோது, அவர் பேச்சைக் கேட்கத் திரண்ட பெருங்கூட்டம் சிறை வாயிலில் இல்லை. வழக்கறிஞர் சன்னது பறிக்கப்பட்டிருந்தது. சென்னையில் சிறு கடைகள் வைத்துப் பார்த்தும் வறுமை தீரவில்லை. அவருடைய மன உறுதிக்குக் குறைவு என்ன? குறைந்தது துணைதான். பின்னாளில் வாலஸ் என்னும் ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் சன்னது திரும்பக் கிடைத்து, அவர் கோவில்பட்டியில் மீண்டும் வழக்காடினார். நன்றியின் அடையாளமாகத் தம் மகன் ஒருவர்க்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். வறுமைக்கு நடுவிலும் தொல்காப்பிய இளம்பூரணர் உரையைப் பதிப்பித்தார், திருக்குறளுக்கு உரை எழுதினார். தளராத மனிதர் என்று நாடு போற்றும் ஒருவர்க்கே பிறர் நீட்டிய ஒரு கை தேவைப்பட்டிருக்குமாயின், இருபத்தொரு வயதுப் பட்டதாரியிடம் 'உன் மனத்தை நீயே திடப்படுத்திக்கொள்' என்று சொல்லி விலகுவது நியாயமன்று.

இவ்வுரையாளர் கப்பல் வணிக வரலாற்றை ஆராய்வதில் தம் பணிக்காலம் முழுவதையும் செலவிட்டவர். அத்துறைக்கு அவர் வந்துசேர்ந்ததே இத்தகைய துணையால்தான். முதுகலை மாணவராக அவர் ஆங்கிலத்தில் வாசித்த முதல் கட்டுரையை, பெயர் சொல்லத் தேவையில்லாத ஒரு பேராசிரியர் அவையில் வைத்து நகையாடினார். அடுத்த வாரம் ஊருக்குப் பெட்டி கட்டியாயிற்று. விடுதியில் உடன் தங்கியிருந்த மூத்த மாணவர் அறிவுரை ஏதும் கூறவில்லை. கட்டுரையை வாங்கி இரவு முழுவதும் உட்கார்ந்து வாக்கியம் வாக்கியமாகத் திருத்திக் கொடுத்து, காலையில் நூலகம் வரை கூடவே நடந்துவந்தார். அவர் செய்தது அவ்வளவுதான், பெட்டி அவிழ்க்கப்பட்டது.

இன்று பட்டம் பெறுவோரில் சிலருக்கு அடுத்த மாதமே துறைமுகத்திலும் அனல்மின் நிலையத்திலும் சென்னை மென்பொருள் நிறுவனங்களிலும் வேலை காத்திருக்கிறது. பலர் போட்டித்தேர்வு எழுதி எழுதி, உறவினர் வீட்டு விசேஷங்களுக்குப் போவதையே நிறுத்திக்கொள்ளும் காலத்தை எதிர்கொள்ளப்போகிறார்கள். 'இன்னும் வேலை கிடைக்கவில்லையா' என்று கேட்கும் மாமாவின் வாய்ச்சொல்லும் ஒரு வகையில் அந்த இனாம் குடையே. அக்கேள்வியைக் கேட்காதிருக்கும்படி பெற்றோரிடமும், படித்து முடித்தவர்களோடு குறைந்தது ஓராண்டுக்கேனும் தொடர்பு விடாதிருக்கும்படி ஆசிரியர்களிடமும் இவ்வுரை பணிவோடு வேண்டிக்கொள்கிறது. முதலில் சம்பளம் வாங்குகிறவர், இன்னும் வாங்காத ஒரு வகுப்புத் தோழரை வாரம் ஒருமுறை தொலைபேசியில் அழைத்து, அவர் நிரப்பிய விண்ணப்பத்தை வாங்கிப் படித்துத் திருத்திக் கொடுக்கலாம். தேர்வு நிலுவையால் இன்று இவ்வரங்குக்கு வராமல் அறையிலேயே இருந்துவிட்ட மாணவர்கள் யார் யார் என்பது, கறுப்பு அங்கி அணிந்து முன்வரிசைகளில் அமர்ந்திருக்கும் பட்டதாரிகளுக்கு நன்றாகத் தெரியும். விழா முடிந்து ஊருக்குப் புறப்படும் முன் அவர்களைப் போய்ப் பார்த்து, அடுத்த தேர்வுக்கான குறிப்பேடுகளைக் கொடுத்துவிட்டு வருவதற்கு இன்று மாலை நேரம் இருக்கிறது.