சாவி அப்புறம், உரிமம் முதல்ல!

வெளிநாட்டில் கல்யாணம் முடித்து, மனைவியோடு மேல்மலையனூரில் குடியேறியிருக்கிறீர்களா? "அங்கே பத்து வருஷம் கார் ஓட்டினவங்கதானே" என்று சாவியை நீட்டிவிடாதீர்கள். அந்த நாட்டு உரிமம் மட்டும் இங்கே போதாது. பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி வைத்திருந்தாலும் ஓராண்டுக்குத்தான். அதன்பிறகு அவர் உரிமமில்லாமல் ஓட்டினால், வண்டியைக் கொடுத்த உங்களுக்கும் தண்டனை உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 180-வது பிரிவின்படி ரூ.5,000 அபராதம், 3 மாதம் வரை சிறை அல்லது இரண்டும்.

முறைப்படி வாங்குவது கஷ்டமில்லைங்க. பாஸ்போர்ட், விசா, முகவரிச் சான்றோடு 'சாரதி' இணையதளத்தில் எல்.எல்.ஆருக்கு விண்ணப்பியுங்கள். பின்கோடு போட்டால் உங்களுக்குரிய ஆர்.டி.ஓ. அலுவலகத்தைத் தளமே காட்டும். தேர்வை ஆங்கிலத்திலும் எழுதலாம். எல்.எல்.ஆர். வாங்கி 30 நாள் கழித்து, 6 மாதத்துக்குள் ஓட்டிக் காட்ட வேண்டும். அதுவரை வண்டியில் 'எல்' போர்டு இருக்கட்டும்; உரிமம் உள்ள நீங்கள் பக்கத்தில் இருங்கள்.

வலப்பக்கம் ஓட்டிப் பழகியவருக்கு நம்ம ஊர் இடப்பக்கம் கைவர நாளாகும். அமாவாசைக் கூட்டத்தில் வேண்டாம். மற்ற நாள்களில், விடியற்காலையில் பழக்குங்கள்.

உரிமம் கைக்கு வந்துவிட்டால், குழந்தைக்கு நடுராத்திரி காய்ச்சல் என்றாலும் அவர் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.