குடக்கூலி கேட்காத வீடு



இணையத்திலே தளம் நடத்துகிறீர்களா? அது உங்கள் சொந்த வீடு என்று எண்ணுகிறீர்களா? தளத்தின் பெயரை ஒரு நிறுவனம் ஆண்டுக் கட்டணத்துக்கு விட்டிருக்கிறது. அது குடியிருக்கும் கணினியை இன்னொரு நிறுவனம் மாத வாடகைக்கு விட்டிருக்கிறது. இருவர் ஏட்டிலும் உங்கள் பெயர் உண்டு, விலாசம் உண்டு. மேலிடத்திலிருந்து ஓர் ஓலை வந்தால், மறுநாள் உங்கள் கதவிலே பூட்டுத் தொங்கும்! குடியிருப்பவனுக்குக் கோபம் வரலாம். வீடு திரும்ப வருமா?

குடக்கூலி கேட்காத வீடு ஒன்று உண்டு. டோர் என்ற வலைப்பின்னலிலே உண்டு. 1990களில் அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுக்கூடத்திலே முளைத்த கருத்து அது. 2002இல் உலகத்தார் கைக்கு வந்தது. வெங்காயத்துக்குத் தோலுக்கு மேல் தோல்; அங்கே செல்லும் செய்திக்கு உறைக்கு மேல் உறை. வழியில் நிற்கும் ஒவ்வொரு கணினியும் ஓர் உறையை உரிக்கும்; தனக்கு முன்னே யார், பின்னே யார் என்பதை மட்டும் அறியும்; முழுப் பாதையை அறியாது.

அங்கே தளம் நடத்த மாளிகை வேண்டாம். வீட்டு மூலையிலே கிடக்கும் பழைய கணினி போதும். வாசகர் ஒருபுறமிருந்து வருகிறார், உங்கள் கணினி மறுபுறமிருந்து வருகிறது. இருவரும் நடுவழியிலே சந்திக்கிறார்கள். வந்தவர் வீட்டை அறியார். வீட்டுக்காரர் வந்தவரை அறியார். முகவரியை யார் தருவது? யாரும் தருவதில்லை! உங்கள் கணினி உருவாக்கும் இரகசியத் திறவுகோலிலிருந்தே அது பிறக்கிறது. 56 குறிகள், முடிவிலே 'ஆனியன்' என்ற சொல். கட்டணம் இல்லை, பறித்துக்கொள்ளப் பதிவாளரும் இல்லை.

"கள்ளர் குகையல்லவா அது?" என்பார்கள். கள்ளரும் புகுந்தார்கள், மறுக்கவில்லை. 'சில்க் ரோடு' என்ற போதைப்பொருள் சந்தை 2013 வரை அங்கேதான் நடந்தது. ஆனால் 2017இல் நியூயார்க் டைம்ஸ் அங்கே வாசல் திறந்தது, 2019இல் பி.பி.சி. திறந்தது. 2022 மார்ச்சில் ரஷ்ய அரசு பி.பி.சி. தளத்தை முடக்கியபோது, "இவ்வழியே வாருங்கள்" என்று மக்களுக்குக் காட்ட அந்த வாசல் இருந்தது. கள்ளன் நடந்தான் என்பதற்காகச் சாலையையா பெயர்ப்பது?

ஒன்றை மறவாதீர்கள். வலைப்பின்னல் பாதையை மறைக்கும், பதற்றத்தை மறைக்காது. சில்க் ரோடு நடத்தியவரைக் காட்டிக்கொடுத்தது எது? பொது மன்றமொன்றில் அவரே முன்பு எழுதிவைத்த சொந்த மின்னஞ்சல் முகவரி! ஆகவே, படத்திலே ஒளிந்திருக்கும் இடக்குறிப்பைத் துடையுங்கள். ஊரறிந்த தளத்தையும் ஊரறியாத தளத்தையும் ஒரே கணினியிலே வைக்காதீர்கள். திறவுகோலுக்குப் படியெடுத்துப் பத்திரப்படுத்துங்கள். அது தொலைந்தால் முகவரி தொலைந்தது, களவுபோனால் கள்ளனே நீங்களாகிவிடுவான்.

பேர் பெற்றவனுக்குத் திரை தேவையில்லை. உண்மையைச் சொன்னால் வேலை போய்விடுமே என்று அஞ்சும் எளியவனுக்கு அது கேடயம். கேடயத்தின் பின்னே நின்று கல்லெறிவது கோழைத்தனம், கருத்தெறிவது உரிமை. முகத்தை மறைத்துக்கொள்ளுங்கள், முறையை மறந்துவிடாதீர்கள்!