கருமத்தம்பட்டி யாத்திரையும் நமது தண்ணீர்ப் பந்தலும்

(அனுப்பர்பாளையத்தில் நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கருமத்தம்பட்டி ஜெபமாலை மாதா திருநாளைக் குறித்துச் சில வார்த்தைகள் பேசுமாறு காரியதரிசி அவர்கள் பணித்தார்கள். பணித்ததன் காரணம் யாவரும் அறிந்ததே. அந்த யாத்திரை வழியில் நமது சங்கம் இவ்வாண்டு வைக்க எண்ணியுள்ள தண்ணீர்ப் பந்தல் நம்மவர்க்கு மாத்திரமா, வருவோர் போவோர் அனைவர்க்குமா என்னும் கேள்வி சென்ற கூட்டத்தில் எழுந்து, முடிவு பெறாமல் நின்றுவிட்டது. அதற்கே வருவோம். ஆயினும் அத்திருநாளின் வரலாற்றைச் சிறிதேனும் சொல்லாமல் பந்தலைப் பற்றிச் சொல்ல இயலாது.

நம் சமூகத்தில் சைவரும் உண்டு, வேதக்காரரும் உண்டு. இங்கிருந்து கருமத்தம்பட்டிக்கு நடப்பவர் திருமுருகன்பூண்டியையும் அவிநாசியையும் கடந்து, தெக்கலூர் வழியாகச் செல்லுகின்றனர். பூண்டி, சுந்தரமூர்த்தி நாயனார் வழிப்பறிக்கு ஆளானதாகப் புராணம் கூறும் தலம். அவிநாசியோ பெருந்தேருக்குப் பேர்போனது. ஆகவே மாதாவை நாடிச் செல்லும் யாத்திரிகன் சிவஸ்தலம் இரண்டின் எல்லையை மிதித்தே செல்லுகின்றான். இதனால் ஒருவர்க்கும் ஒரு குறைவும் வந்ததில்லை.

ஜெபமாலைத் திருநாள் 1571-ஆம் ஆண்டு அக்டோபர் 7-ஆம் நாள் நிகழ்ந்த லெப்பாந்தோ கடற்போரின் வெற்றியை நினைந்து ஏற்பட்டது. பாப்பரசர் பதின்மூன்றாம் கிரகோரியார் 1573-இல் அதனை அக்டோபர் முதல் ஞாயிற்றுக்குரிய விழாவாக்கினார். ஐரோப்பியக் கடலில் நடந்த ஒரு சண்டையின் நினைவு, கொங்கு நாட்டுச் சோளக்காட்டு நடுவே கொடியேற்றமும் தேர்பவனியுமாக மாறியது வியப்பே! நேர்த்திக்கடன் என்றால் நம் ஜனங்களுக்கு வழி ஒன்றுதான்: மொட்டையடித்தலும், உப்பும் மிளகும் கொட்டுதலும், பிள்ளை வரத்துக்குத் தொட்டில் கட்டுதலும் மாதா கோவில்களிலும் காணலாம். கருமத்தம்பட்டிக் கோவில் இக்காலத்தில் பசிலிக்கா என்னும் பட்டமும் பெற்று விளங்குகின்றது.

நமக்கு முக்கியமானது வேறொரு செய்தி. 1846-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, மரியோன் தெ பிரெசிலாக் என்னும் பிரெஞ்சுக் குருவானவர் இதே கருமத்தம்பட்டியில் மேற்றிராணியாராக அபிஷேகம் பெற்றார். அப்போது அவருக்கு வயது முப்பத்திரண்டு. கோயம்புத்தூர் நாட்டுக் கத்தோலிக்கருக்கு அவரே தலைவர். இந்நாட்டவரே குருக்களாக வேண்டும் என்பது அவருடைய பெருவிருப்பம். அவருடைய மனத்தை அரித்ததோ ஜாதி வழக்கம். ஒரே பூசைக்கு வந்தவர்கள் தனித்தனியே நிற்பதும், சில சடங்குகளில் ஒருவரை ஒருவர் விலக்குவதும் அக்காலத்தில் கோவிலுக்குள்ளும் புகுந்திருந்தன. இவ்வழக்கங்களைப் பற்றி 1744-இல் பாப்பரசர் பதினான்காம் ஆசீர்வாதப்பர் கட்டளை பிறப்பித்து, அதனைக் காப்பதாக மிஷனரிகள் சத்தியம் செய்யவும் விதித்திருந்தார். சத்தியம் ஒருபுறம், நடைமுறை மறுபுறம். இரண்டுக்கும் நடுவே மனச்சாக்ஷி அமைதி பெறாமல் அவர் ரோமாபுரியைத் தெளிவு கேட்டார். முடிவில் 1855-இல் பதவியையே துறந்தார். பின்பு 1856-இல் லியோன் நகரில் ஆப்பிரிக்க மிஷன் சபையை நிறுவி, 1859 ஜூன் 25-இல் சியரா லியோன் நாட்டு பிரீடவுனில் மஞ்சள் காய்ச்சலால் மாண்டார். தெற்கே வடக்கன்குளத்துக் கோவிலில் ஜாதிக்கு ஜாதி பிரித்து நின்ற தடுப்பு 1910-இல்தான் அகற்றப்பட்டது. கோவிலே பட்ட பாடு இதுவானால், பந்தல் எம்மாத்திரம் என்று சிலர் நினைக்கலாம்.

நமது சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல நேர்கின்றது. சொல்லக் கூச்சமாயிருப்பினும் சொல்லுகிறோம். நாற்பது ஆண்டுகளுக்கு முன், வாலிபப் பருவத்தில், இதே வழியில் ஒரு பந்தலில் தண்ணீர் வார்க்க நின்றோம். யாருடைய பந்தல் என்பது இங்கே வேண்டுவதில்லை. பேரக் குழந்தையுடன் ஒரு மூதாட்டி வந்தாள். பந்தலில் இருந்த பெரியவர் ஒருவர் முதலில் ஊரைக் கேட்டார். பிறகு தெருவைக் கேட்டார். மற்றவர்க்குத் தம்ளரில் கொடுத்த நீரை அவளுக்குக் கையில் வார்க்கும்படி ஜாடை காட்டினார். நாம் வார்த்தோம். அவள் குழந்தையைக் குனியவைத்து அதன் கையில் வாங்கிக் கொடுத்தாள். தான் ஒரு மிடறும் குடியாமல் நடந்தாள். செம்பு நம் கையில் இருந்தது. அது நம் பட்டறையில் அடித்த செம்பே.

நம்மூர்ப் பித்தளையும் செம்பும் எங்கெல்லாம் போகின்றன என்பதைப் பட்டறைக்காரர் அறிவர். கோவில் மடைப்பள்ளிக்கும் போகின்றன. கலியாண வீட்டுக்கும் போகின்றன. விலை பேசும்போது வாங்குகிறவர் தெருவை நாம் கேட்பதில்லை. கேட்டால் வியாபாரம் நடக்காது!

சந்தாப்பணம் நம்மவருடையது, ஆதலால் பயனும் நம்மவர்க்கே என்று சென்ற மாதம் ஒரு நண்பர் வாதித்தார். அவர் சொல் முழுதும் தள்ளத்தக்கதன்று. ஏழைப் பிள்ளைகளின் படிப்புச் செலவுக்குச் சேர்த்த நிதியை வழியில் இறைக்கலாகாது என்பதை நாமும் ஒப்புக்கொள்ளுகிறோம். எனவே அந்நிதியில் ஒரு காசும் தொட வேண்டாம். பெரிய அண்டா இரண்டும் தம்ளர் நூறும் நம் பட்டறையினின்று இனாமாகத் தருகிறோம். மோருக்கும் பந்தற்காலுக்கும் மற்ற அன்பர் முன்வருவர். பலகையில் சங்கத்தின் பெயரை எழுதலாம். அதற்கு ஆக்ஷேபம் இல்லை. ஆனால் தம்ளர் ஒரே வகையாய் இருத்தல் வேண்டும். பந்தலில் நிற்கும் நம் பிள்ளைகள் ஒருவரையும் ஊரோ தெருவோ கேட்கலாகாது. இவ்விரண்டையும் தீர்மானத்திலேயே எழுதிவிட வேண்டுகிறோம். வாய்ச்சொல்லாய் விட்டால், வெயில் ஏறினபின் யாரேனும் ஒரு பெரியவர் ஜாடை காட்டுவார். நிற்கிற வாலிபன் நம்மைப் போலவே வார்த்துவிடுவான்.

தீர்மானத்தை அக்கிராசனர் அவர்கள் இப்பொழுதே வோட்டுக்கு விடலாம். தாய்மார்களுடைய கைகளையும் எண்ணும்படி கேட்டுக்கொள்ளுகிறோம்.